கிரிகரியின் மீசையும் மாரிஸின் கணக்கும்

கிரிகரியின் மீசைக்கு அன்று சாயங்காலம்தான் ஆபத்து வந்தது. கொண்டுவந்தவன் அவர் பெற்ற பிள்ளை மாரிஸ்.

"அப்பா, கிள்ளான் மேட்ச்ல நான் இல்ல. கணக்குல பாஸானாத்தான் பந்து ஆடலாமாம். ஹெட்மாஸ்டர் சாமி சொல்லிட்டாரு."

கிரிகரி எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்து, ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் அவர். வேலை முடிந்தால் நேரே காப்பிக்கடை. அவர் வீடு வருவதற்குள் சோறு ஆறிவிடும். அந்தக் கடையில்தான் கிள்ளான் ஸ்டேஷன் நாகையாவிடம் வாய் விட்டிருந்தார். நாகையாவின் மகன் கிள்ளான் பள்ளிக்கூடத்துக் கோல்கீப்பர். "உன் மகனைத் தாண்டி என் மகன் ஒரு கோல் போடலேன்னா, இந்த மீசையை நீயே வழிச்சு எடுத்துக்க!" கடையே சாட்சி.

"கணக்குக்கும் பந்துக்கும் என்னடி சம்பந்தம்?"

கோயில் பீடத்துணிக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த செசிலியா நிமிரவில்லை. "எனக்கென்னங்க தெரியும்? சாமியையே போய்க் கேளுங்க."

மறுநாள் போனார். பள்ளிக்கூட வராந்தாவில் பந்துக்குழுவின் கேப்டன் ராதாகிருஷ்ணன் வழக்கம்போல் முட்டி போட்டிருந்தான். "குட்மார்னிங் அங்கிள்," என்றான் மரியாதையாக.

ஹெட்மாஸ்டர் சாமி பாண்டிச்சேரியில் தமிழ் பழகிய வெள்ளைக்காரப் பாதிரியார்.

"சாமி, உதைக்கிறது காலு. கணக்குப் போடறது மண்டை. காலு பாஸாயிருச்சே, போதாதா?"

"மண்டையை வீட்டில் வைத்துவிட்டுக் காலை மட்டும் பள்ளிக்கு அனுப்புகிறாயா, கிரிகரி?"

"அதில்ல சாமி. அவனுக்கு இங்கிலீஷ் டிக்டேஷனும்தான் வராது. டிக்டேஷனை விட்டுட்டுக் கணக்கை மட்டும் பிடிச்சா நியாயமா?"

சாமி தலையை ஆட்டினார். "நியாயம் இல்லைதான். இனி டிக்டேஷனும் பாஸாக வேண்டும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கிரிகரி தன் வாயைத் தானே திட்டிக்கொண்டு வந்தார். பிறகு அவரே வாத்தியாரானார்.

"ஒரு ரயில் மணிக்கு இருபது மைல் ஓடுது," என்று மாரிஸ் வாசித்தான். "இருபது மைல் போக எவ்வளவு நேரம்? ஒரு மணியாப்பா?"

"எந்த மடையன் சொன்னான்? பத்து தீகா ஸ்டேஷன்ல எதிர் ரயிலுக்கு நிக்கணும். தண்ணி பிடிக்கணும். தண்டவாளத்துல எருமை வந்து படுத்துக்கும். ரெண்டு மணின்னு எழுது!"

அந்தப் பாதையில் போய் வந்தவன் என்ற முறையில் நானும் கிரிகரி கட்சிதான். ஆனால் வகுப்புப் பரீட்சையில் மாரிஸுக்கு முட்டை விழுந்தது. வாத்தியார் எருமைக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு, 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்டிருந்தார்.

"பக்கத்து வீட்டு டொரத்தி சீனியர் கேம்பிரிட்ஜ் படிக்கிறா," என்றாள் செசிலியா. "அவளைச் சொல்லித்தரச் சொல்லலாம். ஆனா வயசுப் பொண்ணு, பாருங்க. பாடம் முடியற வரைக்கும் பெரியவங்க யாராச்சும் கூட உக்காரணும்னு அவங்கம்மா சொல்றாங்க."

"நீ உக்காரு."

"அப்ப நீங்க சோறாக்குறீங்களா?"

கிரிகரி உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று பேச்சுக்குச் சொல்கிறோம். எழுந்தார், நடந்தார், வாசலை எட்டிப் பார்த்தார், மீசையை முறுக்கினார்.

"அங்கிள், நீங்க நடந்தா அவன் கண்ணு உங்க பின்னாலயே வருது. உக்காருங்க லா," என்றாள் டொரத்தி. "மாரிஸ், ஏழெட்டு எவ்வளவு?"

மாரிஸ் கூரையைப் பார்த்தான். கிரிகரிக்குப் பொறுக்கவில்லை. "அறுபத்து மூணு!"

"தப்பு அங்கிள்."

மறுநாள் முதல் அவருக்கும் ஒரு சிலேட்டு வந்தது.

காப்பிக்கடையில் அவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. மீசைக்குப் பயந்து ஒளிந்துகொண்டார் என்று பேச்சுக் கிளம்பியது. நாகையா கத்தி தீட்டுகிறான் என்ற சேதி ஒவ்வொரு கிள்ளான் ரயிலிலும் வந்து இறங்கியது. "இதோ போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்," என்று அவர் செருப்பை மாட்டும்போதெல்லாம், பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும்: "டொரத்தி, அங்கிள் இருக்காரா?"

"இருக்கேம்மா," என்று செருப்பைக் கழற்றுவார்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் விரலை உதறினார். "சோறு இப்படிச் சுடுதே, என்ன விசேஷம்?"

"ஆக்கினதும் தினமும் இப்படித்தான் இருக்கும்," என்றாள் செசிலியா, மீன் குழம்பை ஊற்றியபடி. அவர் இன்னொரு கரண்டி சோறு கேட்டார்.

பரீட்சையில் மாரிஸ் இரண்டிலும் தேறினான். கணக்கில் மயிரிழைதான், இருந்தாலும் தேறினான்.

கிள்ளான் பாடாங் மைதானத்தில் ஆட்டம். கிரிகரி கோட்டுக்கு வெளியே மாரிஸுக்கு இணையாக ஓடினார். மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் எதிரே நாகையா கத்தியை எடுத்துக் காட்டினான். ஆட்டம் முடியும் தறுவாயில் மாரிஸ் உதைத்த பந்து நாகையா மகனின் கக்கத்தடியில் புகுந்து வலையில் விழுந்தது. நாகையா கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

கிரிகரி மீசையைத் தடவிப் பார்த்தார், இருந்தது. ஆரஞ்சுப் பழம் நறுக்கிக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பியூன் அய்யாவுவின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"சாமி போட்டது நல்ல சட்டம்யா! முதல்ல எனக்கே புரியல. மண்டை பாஸானாத்தான் காலு பாஸாகும். பாரு, பதினோரு பேரும் பாஸ் பண்ணவனுங்க, அதான் இந்த ஆட்டம்! எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இதைக் கொண்டு வரணும்."

அய்யாவு பழத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பதினோரு பேரா? நம்ம கேப்டன் ஒரே கிளாஸ்ல மூணு வருஷமா இருக்கான் அண்ணே! சட்டம் மாரிஸுக்கு மட்டும்தான். 'அவன் அப்பா சாயங்காலத்துல வீட்டுல இருக்கணும் சாமி'ன்னு உங்க வீட்டு செசிலியா அக்காதான் வந்து கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. நேத்துக்கூட வந்தாங்களே, அடுத்த மேட்சுக்குப் பூகோளமும் பாஸாகணுமாம்!"