வெள்ளிக்கிழமைக் கண்ணாடிக்காரர்

கம்பம் பள்ளத்தாக்கு முழுவதிலும் மழை வந்தால் முகம் சுளித்த ஒரே மனிதர் எங்கள் கண்ணாடிக்காரர்தான். பேரியாற்றில் அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஊரே தண்ணீருக்காக மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் மேகத்தைக் கண்டால் பங்காளியைக் கண்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

காரணம், வெயில் இல்லாமல் அவர் யாருக்கும் கண் பார்த்துக் கண்ணாடி கொடுக்கமாட்டார். கிழக்கு மலைக்கு மேலே சூரியன் ஏறியபின் கண்ணாடிப் பெட்டியைத் திறப்பார். மேற்கே சாய்ந்ததும் பூட்டிவிடுவார். நடுவில் மேகம் மறைத்தால் அப்போதும் பூட்டுத்தான். எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால், கிட்டப் பார்வைக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்வார்; தூரப் பார்வைக்குப் புளியமரத்துக் காக்கைகளை எண்ணச் சொல்வார். எங்கள் நாட்டாமை மீசையை நீவிவிட்டு மூன்று என்றார்.

“காக்காயெல்லாம் பறந்துபோயி ரொம்ப நேரமாச்சுங்கய்யா” என்றார் கண்ணாடிக்காரர்.

ஆண்டிபட்டியிலிருந்து கூடலூர்வரை இந்தத் தொழிலுக்கு அவர் ஒருவர்தான். திங்கள் சின்னமனூர், செவ்வாய் மார்க்கையன்கோட்டை என்று நாளுக்கோர் ஊர்; வெள்ளிக்கிழமை எங்களுக்கு. வருசநாட்டுக்காரர்கள் தங்களுக்கும் ஒரு நாள் கேட்டு வந்தபோது, வாரத்துக்கு எட்டு நாள் வரட்டும், அப்போது வருகிறேன் என்று அனுப்பிவிட்டார்.

நானும் என் மனைவி ஞானம்மாளும் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தோம். நாற்பது வயதில் அவளுக்கு எழுத்து மங்கிவிட்டது. பழைய பாடங்களை மனப்பாடமாக ஒப்பித்துச் சமாளித்தாள். தை மாதம் இன்ஸ்பெக்டர் வந்து புதுப் புத்தகத்தை நீட்டினால் குட்டு உடைந்துவிடும். பெண்பிள்ளைகளுக்கு வேறு வாத்திச்சி கிடையாது. அந்த வகுப்பையே மூடிவிடுவார்கள்.

ஆனால் அந்நிய ஆண் ஒருவர் கிட்ட உட்கார்ந்து, பெண்ணின் கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பதை எங்கள் பக்கத்தில் எவரும் ஒப்பமாட்டார்கள். அதனால் புருஷன்மார் போய், தங்கள் கண்ணில் மாட்டிப் பார்த்து, பெண்டாட்டிக்கு வாங்கிவருவதே வழக்கம். நாலெழுத்துப் படித்த நானும் அதையேதான் செய்தேன்.

“வீட்டம்மாவுக்குப் பசிச்சா நீங்க சாப்பிடுவீகளா, வாத்தியாரே?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

நான் பிடிவாதமாக வாங்கிப் போனேன். எனக்கு ஊசிக் காதைக் கிணறாகக் காட்டிய கண்ணாடி, அவளுக்குச் சுவரை நெளியவிட்டதோடு சரி. திருப்பிக் கொண்டுபோனதும் அவர் பெட்டியைப் படீரென்று மூடினார். ஆள் வராத கண்ணுக்கு இனிக் கண்ணாடி கிடையாது என்று சத்தியம் பண்ணிவிட்டு வண்டி ஏறிவிட்டார். ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை, ஆளைக் காணவில்லை. ஞானம்மாள் என்னோடு பேசவும் இல்லை.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தது அவருடைய சம்சாரம். மழையில் வீட்டோடு அடைபட்டுக் கிடந்த மனிதர், இரண்டு மாதமும் அந்த அம்மாளுக்குத் தொழில் முழுவதையும் கற்றுக்கொடுத்திருந்தார்.

கோயில் கொல்லையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஞானம்மாளின் முறை வந்த நேரம் பார்த்துச் சூரியன் மறைந்தது. பெட்டியைப் பூட்டு என்று வேலிக்கு அப்பால் நின்று கண்ணாடிக்காரர் சத்தம் போட்டார்.

அந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஊசி இங்கனதான இருக்கு? மேகத்துக்குள்ளயா போயிருச்சு? நீங்க போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க” என்றார்.

அவரும் மாட்டை அவிழ்க்கப் போனார். நான்காவது கண்ணாடியில் ஞானம்மாள் நூலைக் கோத்தாள். கொண்டுபோயிருந்த புதுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து எழுத்தெழுத்தாக வாசித்தாள், பிறகு மளமளவென்று வாசித்தாள், பிறகு அழுதாள். வேலிக்கு வெளியே நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தையில் இன்ஸ்பெக்டர் வந்தார், வகுப்பு நிலைத்தது. வைகாசிக்குள் கண்ணாடிக்காரர் வீட்டில் இரண்டு பெட்டி, இரண்டு வண்டி. வருசநாட்டுக்கும் ஒரு நாள் கிடைத்தது.

“எட்டாவது நாளு எங்க வீட்லயே இருந்திருக்கு, வாத்தியாரே. எனக்குத்தேன் கண்ணு தெரியல” என்றார்.

வெயில் விஷயத்தில் மட்டும் அவர் கடைசிவரை மாறவில்லை. அதனால் கோயிலில் மழை கேட்டுச் செபம் சொல்லி, எல்லோரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு, ஞானம்மாள் மெதுவாக ஒன்றைச் சேர்த்துக்கொள்வாள்:

“வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம் ஆண்டவரே. அவுக மனசு நோகும்.”