பிழைக் கேள்விக்கு முழு மதிப்பெண்

தையற்காரர் மகளுக்குக் கால்நடை மருத்துவர் ஆக வேண்டும் என்று ஆசை. தெருவில் காது சொறியும் நாயைக் கண்டால்கூட நின்று விசாரிக்காமல் போகமாட்டாள். ஆனால் கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வில் முந்த வேண்டும்.

தேர்வுத் துறை நேர்மையானது. ஒரு கேள்வி தப்பாக அமைந்துவிட்டால், உரிய முறையில் பரிசீலித்து, அதைத் தொட்டவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் வழங்கிவிடும். சரியான கேள்விக்குத்தான் விடை தெரிய வேண்டும். தப்பான கேள்விக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் அவள் சேர்ந்திருந்த பயிற்சி மையத்து மாஸ்டர்.

"புத்தகத்தை மூடுங்க. இனிமே தப்பு எங்க இருக்குன்னு மோப்பம் பிடிக்கிறதுதான் படிப்பு."

அவள் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். "சார், பசுவோட வயித்துல எத்தனை அறைன்னு..."

"அதெல்லாம் பசு பார்த்துக்கும். 'பசுவின் ஐந்தாவது கால் எது?'ன்னு கேப்பான். கண்ணை மூடிக்கிட்டு ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கு. நாலு மார்க்!"

சில கேள்விகள் மட்டும் தப்பாக இருப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று யாரோ மனுப் போட்டார்கள். துறை உடனே நடவடிக்கை எடுத்தது. அந்த ஆண்டு, மாணவர் நலன் கருதி, எல்லாக் கேள்விகளும் தப்பாகவே தயாரிக்கப்பட்டன.

எழுதியவர் எல்லாரும் முதலிடம்.

அவள் அப்பா அம்மாவோடு கல்லூரிக்கு ஓடினாள். குமாஸ்தா தலை நிமிரவில்லை. "மார்க் சமமா இருந்தா வயசுல மூத்தவங்களுக்கு முன்னுரிமை. விதி பதினொண்ணு, உட்பிரிவு ஆ."

அப்பா அம்மாவை முறைத்தார். "ஒரு ரெண்டு மாசம் முன்னாடியே பெத்திருக்கக் கூடாதா?"

"டாக்டர் சொன்ன தேதிக்குப் பெத்தேன். நீங்க சட்டை தைச்சுக் குடுக்கிற மாதிரி இழுத்தடிச்சேனா?"

சீட்டு மாஸ்டருக்குப் போயிற்று. கேள்வித்தாளை மோப்பம் பிடிக்க அவரும் தேர்வு எழுதியிருந்தார். வயது ஐம்பத்திரண்டு.

மறுநாள் மையத்தின் வாசலில் அவர் படமே தொங்கியது: 'எங்கள் மாணவர் சாதனை!' மாடிப்படி முழுக்க வரிசை. நரைத்த தலைகள், மூக்குக் கண்ணாடிகள், முழங்கால் வலிகள். நடுவில் அப்பா.

"அப்பா, நீங்க எங்க இங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மாஸ்டரைவிட எனக்கு ரெண்டு வயசு கூட. அடுத்த வருஷம் சீட்டு நம்ம வீட்டுக்குத்தான்."

"மாட்டைக் கண்டா எதிர்ப்பக்கம் போய் நடப்பீங்களே! அப்ப நான் எப்பப்பா படிக்கிறது?"

வரிசையே திரும்பி அவளை இரக்கத்தோடு பார்த்தது.

"பதினேழு வயசுதானே ஆகுது உனக்கு?" என்றார் அப்பா. "இதென்ன காலேஜ் போற வயசா?"