மாப்பிள்ளைக் காருக்கு வைத்த பொட்டு

அழகான காரைக் கண்டால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. ஒஸ்லோவில் போகிற கார்களைப் பார்த்தபடி நின்று இரண்டு டிராமை விட்டிருக்கிறேன். அக்காவின் கல்யாணத்தன்று இந்த நோய் முற்றிவிட்டது.

எங்கள் முறைப்படி பெண்ணின் தம்பிதான் தோழன். அவன் போய் மாப்பிள்ளையை முகூர்த்தத்துக்குள் மண்டபத்துக்கு அழைத்துவர வேண்டும். அப்பா அதற்காகத் தன் பழைய காரை இரண்டு நாளாகக் கழுவித் துடைத்தார். சதுர முகம், சதுர முதுகு (செருப்புப் பெட்டிக்குச் சில்லுப் பூட்டினால் எப்படியிருக்கும், அதுதான்). நான் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வேலையிடத்து நண்பனின் புது மின்சாரக் காரை இரவல் வாங்கினேன்.

அதுவும் குடும்பக் கார்தானாம். நம்பவே முடியவில்லை. கூரை முன்னாலிருந்து பின்னால்வரை ஒரே வழுக்கலாக இறங்கியது. கதவில் கைப்பிடி இல்லை. கிட்டப் போனால் அதுவாக வெளியே வந்தது. பயபக்தியில் அந்தக் காரை நான் 'நீங்கள்' என்று அழைக்காத குறை.

ஹவுகெட்டோவில், மாப்பிள்ளை வீட்டு வாசலில், மாப்பிள்ளையின் அம்மா சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

"தம்பி, காருக்கும் ஒரு பொட்டு வையுங்கோ."

அப்பாவின் காரில் என்றால் முன்னால் கம்பிச் சட்டம் இருக்கும். இதற்கு முகமே மொட்டை. நடுவில் மட்டும் சின்னதாக ஒரு வட்டக் கண்ணாடி. பொட்டுக்கென்றே இடம் விட்டிருக்கிறார்களே என்று மெய்சிலிர்த்து, சந்தனத்தையும் குங்குமத்தையும் அதிலேயே அப்பினேன்.

மாப்பிள்ளை பின்னால் ஏறினார். தலைப்பாகை ஏறவில்லை. கூரைச் சரிவுக்குள் அடங்க, தாடையை நெஞ்சில் குத்திக்கொண்டு இருந்தார்.

"வெளிக்கிடும் மச்சான்" என்றார், தன் மடியைப் பார்த்து.

கார் ஒரு முழம் போய் டக்கென்று நின்றது. இன்னொரு முழம், மறுபடி டக். முன்னால் ஏதோ நிற்கிறது என்று திரை சிவந்து கத்தியது. இறங்கிப் பார்த்தால் வெறும் தெரு. நாலாவது டக்கில் தலைப்பாகை மாப்பிள்ளையின் மூக்குவரை இறங்கிவிட்டது. முகூர்த்தத்துக்கு அரை மணிதான் இருந்தது.

நண்பனுக்குப் போன் செய்தேன். அந்த வட்டக் கண்ணாடி கமராவாம். சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை எடுத்துக்கொண்டு துடைக்க ஓடினேன்.

"ஐயோ தம்பி, கல்யாண நாளிலை பொட்டை அழியாதேங்கோ" என்று மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிடித்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. தட்டங்களோடு தன் காரில் பின்னால் வந்திருந்த அப்பா இறங்கி வந்தார்.

"என்னடா, கல்யாண ஹோல் வரைக்கும் முழம் போட்டே அளக்கப் போறியோ?"

அவ்வளவுதான் சொன்னார். மாப்பிள்ளையைக் கூட்டிப்போய்ச் செருப்புப் பெட்டியில் ஏற்றினார். மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைப்பாகைக்கு மேலே இன்னும் ஒரு சாண் இடம் இருந்தது. மனிதருக்குத் தலை என்று ஒன்று இருப்பதை நினைத்துக் கட்டிய கார் அது. முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்க மண்டபத்தில் இருந்தோம். நண்பனின் கார் பின்னேரம்வரை பொட்டோடு ஹவுகெட்டோவில் நின்றது.

இன்று நானும் அப்படியொரு வழுக்குக் கார்தான் வைத்திருக்கிறேன் (சொன்னேனே, நோய்). அத்தான் அதில் ஏறும்போதெல்லாம் தாடையை நெஞ்சில் குத்தி, மடியைப் பார்த்து, "வெளிக்கிடும் மச்சான்" என்பார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் கூடவே குனிகிறார்கள். மாமாவின் காரில் அப்படித்தான் ஏறவேண்டும் என்று அதுகள் நம்புகின்றன.