இருங்காட்டுக்கோட்டையில் சோளம் இறங்கிய படலம்

நெல்லாய்த் தலைவணங்கி, கரும்பாய் உள்ளினித்து, மூங்கிலாய் முகில் துழாவி, அறுகாய் மண் தழுவி, மாந்தர் வயிற்றையும் மாடுகளின் வயிற்றையும் ஒருங்கே காத்துநிற்கும் புல்லினப் பெருங்குடியே, நீ வாழி! அக்குடியின் குலவரலாற்றை எழுத்தெண்ணிக் கற்றவளும், கலைந்த கொண்டையைப் பேனாவால் செருகிய கார்குழலாளும், மூக்குக் கண்ணாடிக்குப் பின்னே வேல்விழி மறைத்தவளும், இருங்காட்டுக்கோட்டையில் மாடியறை ஒன்றை வாடகைக்குக் கொண்டவளுமாகிய எழிலரசி வாழி! ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், மொட்டைமாடியின் ஒற்றைப் பிளாஸ்டிக் நாற்காலியின் பொருட்டு அவ்வீராங்கனை ஆற்றிய அருஞ்சமரை இனி உரைப்போம், செவியுடையோர் கேட்டருள்க.

போருக்குக் காரணம் சோளம். ஒரகடத்துச் சாலையில், கார்களை ஈனும் கொட்டகைகளுக்கு நடுவே, எழிலரசி ஆராய்ச்சியாளராகப் பணிபுரிந்த விதை நிறுவனம் இருந்தது. அதன் சோதனை வயலில் மிஞ்சியிருந்தது ஒரேயொரு துண்டு நிலம். அதை எந்தப் பயிருக்குக் கொடுப்பது என்று திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் நரசிம்மன் முடிவு செய்யவிருந்தார். பொன்முடி தரித்த பேரரசனாய், மஞ்சள் முத்துகள் மின்ன, மக்காச்சோளம் ஒருபுறம் நின்றது. மறுபுறம், எழிலரசி ஒருத்தியையே நால்வகைப் படையாகக் கொண்டு, நம் பழைய சோளம் தனித்து நின்றது. மழை பொய்த்தாலும் இலை காயாமல் பச்சையாக நிற்கும் வல்லமையைச் சோளத்துக்கு அளிக்கும் மரபணு எதுவென்று தான் கண்டுகொண்டதாக அவள் உறுதியாக நம்பினாள். ஆனால், ஐயகோ! அவளிடமிருந்த சோள மரபணுத் தொகுப்பில் சரியாக அந்த இடத்தில்தான் சில வரிகள் விடுபட்டுப்போயிருந்தன.

“நடுவுல ஓட்டைய வெச்சிக்கினு எப்டிம்மா நிலம் கேக்குற?” என்று நரசிம்மன் கேட்ட கேள்வி, வெள்ளிக்கிழமை முதல் அவள் நெஞ்சில் அம்பாய்த் தைத்துக் கிடந்தது.

அந்த ஓட்டை அடைபட்ட புதிய தொகுப்பு சனிக்கிழமை மாலை வெளியாயிற்று. எழுகடலுக்கு அப்பால் ஒரு பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்திவந்த தானியக் கருவூலம் அதனை வெளியிட்டது. நெல் முதல் தினை ஈறாக ஒவ்வொரு பயிரின் மரபணுத் தொகுதியையும் நான்கே எழுத்துகளில் கோடிகோடியாய் எழுதிவைத்து, கேட்டவர்க்கெல்லாம் காசு வாங்காமல் வாரி வழங்கும் வள்ளல் அது. எனினும் வள்ளலின் வாயிலில் அன்று ஓர் அறிவிப்பு தொங்கியது: நம் நேரப்படி ஞாயிறு நண்பகலில் பராமரிப்புக்காகத் தளம் மூடப்படும், அடுத்த வாரக் கடைசியில்தான் மீண்டும் திறக்கும்.

அதற்குள் இறக்கியாக வேண்டும். ஆய்வுக்கூடமோ ஞாயிறன்று பூட்டிக் கிடந்தது. தெருவின் இணையக் கேபிளையோ, சாலை அகலப்படுத்த வந்த பொக்லைன் என்னும் இரும்பரக்கன் மண்ணோடு சேர்த்துக் கவ்வி எறிந்திருந்தான். அறைக்குள் கைப்பேசிக்கு உயிரில்லை. மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய மூலையில் மட்டுமே சிக்னல் என்னும் தெய்வம் எழுந்தருளும்.

மடிக்கணினியைக் கேடயமாய் மார்போடணைத்து அவள் படியேறிச் சென்றபோது, அம்மூலையின் நாற்காலியில் ஏற்கெனவே ஒரு மன்னன் கொலுவீற்றிருந்தான். கார்த் தொழிற்சாலையில் கதவு பொருத்தும் லைனின் வீரன், இரவு ஷிஃப்டால் சிவந்த செங்கண்ணன், கீழ்வீட்டு ஹேமந்த். அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட ஐஸ்வர்யா, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கைப்பேசி தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். உலகுக்கெல்லாம் கைப்பேசி செய்துதரும் அவள், தன் கைப்பேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது. இவன் விழித்திருக்கையில் அவள் லைனில். அவள் வெளியே வருகையில் இவன் லைனில். முகம் பார்த்துப் பேச ஞாயிறு ஒன்றே வாய்த்தது. போன ஞாயிற்றையும் ஓவர்டைம் விழுங்கிவிட்டது.

“ஹேமந்த், பன்னண்டு மணி வரைக்கும் அந்த சேர் எனக்கு வேணும்ப்பா.”

“அக்கா, இன்னிக்கும் பேசலன்னா கல்யாணமே நின்னுபூடும்க்கா. அது ஏற்கெனவே மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீது.”

இருபெரும் வேந்தர் இடையே உடன்படிக்கை ஏற்பட்டது. நாற்காலி அவனுக்கு, தொட்டியின் விளிம்பு அவள் மடிக்கணினிக்கும் அதற்கு இணையம் ஊட்டிய கைப்பேசிக்கும். ஆயினும் நிலத்தைப் பங்கிடலாம். சிக்னலைப் பங்கிடுவது எங்ஙனம்? சோளம் சற்றே நகர்ந்தால் ஐஸ்வர்யாவின் திருமுகம் பாதிச் சொல்லில் உறைந்தது. அவள் முகம் தெளிந்தாலோ, திரையில் ஊர்ந்த பச்சைக் கோடு சேற்றில் புதைந்த தேராய் நின்றது.

“இன்னா நீ, கட்டம் கட்டமா தெரியிற?” என்றாள் ஐஸ்வர்யா, கைப்பேசிக்குள்ளிருந்து.

அவ்வேளையில் கீழே வீட்டுக்கார அம்மாள் சந்திரம்மாளின் குரல் போர்முரசாய் அதிர்ந்தது. “எழிலு! தண்ணி லாரி வந்துகீது! குடத்த எடுத்துக்கினு வாம்மா! அப்புறம் தண்ணி இல்லன்னு என்னியக் கேக்காத!”

எழிலரசி திகைத்தாள். தண்ணீரின்றி வாரம் ஓடாது. சோளமின்றித் திங்கள் விடியாது. இறுதியில் அவள் பகைவனையே நம்பத் துணிந்தாள்.

“ஹேமந்த், கனெக்‌ஷன் கட்டாயிட்டா, அந்தப் பக்கத்துல சோளம் இருக்கும் பாரு, அத அமுக்கிடு.”

“நீங்க போங்கக்கா. நான் பாத்துக்கிறேன்.”

அவள் வரிசையில் குடத்தோடு நின்ற நேரத்தில் இணைப்பு அறுந்தது. ஹேமந்த் வாக்குத் தவறாத வீரன். ஐஸ்வர்யாவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் திரையை நோக்கினான். ஆங்கிலப் பெயர்களுக்கு அருகே சிறுசிறு படங்கள் இருந்தன. கடற்கரையில் சுட்டுத் தருவது, சினிமாக் கொட்டகையில் பொரித்துத் தருவது, அவன் அறிந்த ஒரே சோளம், மஞ்சள் கதிராய் அங்கே சிரித்தது. அமுக்கினான். சிக்னல் தெய்வமும் அன்று முதன்முறையாக மனமிரங்கிற்று.

குடத்தை இறக்கிவைத்து மூச்சிரைக்க மேலே வந்தவள், பச்சைக் கோடு நிறைந்து நிற்பதைக் கண்டு உவகைக் கூத்தாடினாள். கோப்பைத் திறந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தாள். உள்ளே இருந்தவன் பொன்முடிப் பேரரசன். எவனை வெல்லப் புறப்பட்டாளோ, அவனே அவள் கணினிக்குள் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தான்.

“இது மக்காச்சோளம்ப்பா.”

“சோளம்தானக்கா கேட்டீங்க?”

வேரற்ற மரமாய் அவள் தரையில் உட்கார்ந்தாள். கோபங்கூட வரவில்லை. “பன்னண்டு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு. வுடு. நாளைக்கு நிலம் போச்சு,” என்றாள் மெல்ல.

ஹேமந்த் அவளைப் பார்த்தான். கையிலிருந்த ஐஸ்வர்யாவைப் பார்த்தான். நிலமும் காதலும் இரு தட்டில் ஆட, அறம் என்னும் முள் அவன் மார்பைக் குத்தியது. கொடையில் சிறந்தோர் யாவரும் நாணும்படி, அந்தச் செங்கண்ணன் ஒரு செயல் செய்தான்.

“ஐஸு, வெக்கிறேன். நான்தான் தப்பா அமுக்கிட்டேன். அக்காவுக்கு சோளம் எறக்கணும்.”

“சோளமா? என்னிய விட சோளம் ஒசத்தியா உனக்கு?”

அழைப்பைத் துண்டித்தான். நாற்காலியைத் துறந்து எழுந்து, “ஒக்காருங்கக்கா, நீங்களே அமுக்குங்க,” என்றான். தன் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை அவள் கணினிக்குத் திறந்துவிட்டு, தொட்டியின் மேல் ஏறி, இரு கைகளாலும் அதை வானோக்கி ஏந்தி, கொடிக்கம்பமாய் அசையாது நின்றான். தலைமேல் வெயில் தீயாய்ச் சொரிந்தது; கீழே சந்திரம்மாள், “டேய், தொட்டி மூடி ஒடஞ்சிடப் போவுது, எறங்குடா!” என்று ஆணையிட்டாள், அவன் இறங்கினானில்லை. பச்சைக் கோடு ஊர்ந்தது, நின்றது, பாய்ந்தது. கருவூலத்தின் பெருங்கதவு மூடுமுன், சிவந்த கதிரும் திரண்ட மணியும் உடைய சோளம், தன் கோடிக்கோடி எழுத்துகளோடு, வெற்றிச்சங்கம் முழங்க, எழிலரசியின் மடிமேல் வந்து இறங்கிற்று.

ஓட்டை இருந்த இடத்தைத் தேடி விரைந்தாள். அங்கே, ஓர் எழுத்தும் பிசகாமல், அவள் மரபணு முழுமையாய்த் துலங்கியது. மறுநாள் கூட்டத்தில் அதைத் திரையில் கண்ட நரசிம்மன், “சரி, சோளத்துக்கே குடுத்துடலாம்,” என்று திருவாய் மலர்ந்தருள, பொன்முடிப் பேரரசன் புறமுதுகிட, அந்தத் துண்டு நிலமெங்கும் பசுங்கொடி பறக்கப்போகும் நன்னாளை எண்ணி, மொட்டைமாடி வென்ற மறக்குலக் கொழுந்து, புல்லினம் காத்த பெருந்தகையாள், பாதுஷா டப்பாவோடு ஹேமந்தின் வாசலில் போய் நின்றாள்.

ஐஸ்வர்யா புதன்கிழமை வரைக்கும் அவன் போனை எடுக்கவில்லை.