நிறைஞ்ச அமாவாசையில் கொச்சி சுற்றிக் காட்டியது

ஒரு ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் யாரை வேண்டுமானாலும் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனை மட்டும் அழைக்காதீர்கள். வெளியூர்க்காரன் நாலு பேரிடம் வழி கேட்பான். உள்ளூர்க்காரனுக்கு அப்படிக் கேட்க வெட்கம். தெரியாததையெல்லாம் தெரிந்த மாதிரி அடித்துவிட்டுக்கொண்டே முன்னால் நடப்பான். பின்னால் வருகிறவர்கள் கால்வலியோடு தலையாட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

நான் மட்டாஞ்சேரியில் கொச்சங்காடிக்காரன். இன்றைக்கும் தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் யாராவது போன் போட்டு, "கொச்சிக்கு வர்றோம், எங்கே சாப்பிடலாம், எதில் போகலாம், என்ன பார்க்கலாம்?" என்று கேட்டால் என் மனைவி பஞ்சவர்ணம் போனைப் பிடுங்கிக்கொள்வாள். "இவுககிட்ட மட்டும் கேக்காதீக" என்பாள். (அத்தோடு விடமாட்டாள். காரணத்தையும் விலாவாரியாகச் சொல்வாள். போன் சூடாகிவிடும்.)

காரணம், எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு சனிக்கிழமை. அன்று அமாவாசை.

அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிழைக்க வந்த தமிழ்க் குடும்பம் என்றாலும், பெண் மட்டும் ஊர்ப்பக்கமிருந்துதான் வர வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம். கமுதிப் பக்கத்தில் ஒரு இடம் அமைந்தது. நடுவில் நின்று பேசியவர் எங்கள் தூரத்துச் சித்தப்பா ஒருவர். அவர் பெண் வீட்டாரிடம், மாப்பிள்ளைக்கு ஏலூரில் கம்பெனி உத்தியோகம், வீடு காயலைப் பார்த்த வீடு என்று சொல்லியிருந்தார். இரண்டும் பொய்யில்லை. ஏலூர்க் கம்பெனி ஒன்றில் நான் காண்ட்ராக்ட் ஆளாக உரமூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்க அங்கேயே கிடப்பு, ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. வீடும் காயலைப் பார்த்ததுதான். சரியாகச் சொன்னால், காயல்தான் எங்கள் வீட்டைப் பார்க்க வரும்.

கொச்சங்காடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தோடு, அதாவது வாய்க்கால். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் பொங்கி, காயல் பொங்கி, அந்தத் தோட்டு வழியாகத் தண்ணீர் நேராக வீட்டுக்குள் வந்துவிடும். வேலியேற்றம் என்பார்கள். உச்சி நேரத்தில் ஏறினால் சாயங்காலம் சாயா குடிக்கிற நேரம் கழிந்துதான் இறங்கும். அதுவரை அம்மா அடுப்பைப் பெஞ்சின்மேல் வைத்துச் சமைப்பாள். அப்பா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பீடி பிடிப்பார். அப்பாவுக்கு கார்ப்பரேஷனில் ஓடை சுத்தம் செய்யும் வேலை. ஊர் ஓடையெல்லாம் சுத்தம் செய்து அனுப்பியது அவர் வீட்டுக்கே திரும்பி வந்து கட்டிலடியில் நிற்கும்.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வரும் நாளைச் சொல்லியனுப்பினார்கள். நிறைஞ்ச அமாவாசை!

தமிழ்நாட்டில் அமாவாசை நல்ல நாள். மலையாளத்தில் அது கறுத்தவாவு, செத்தவர்களுக்கான நாள். பக்கத்து வீட்டு மேரிச் சேச்சி கேட்டுவிட்டு மூக்கில் விரலை வைத்தாள். "கறுத்தவாவினோ கல்யாணக் காரியம்? வேறே திவசமொந்நும் கிட்டியில்லே?" வேறு நாளே கிடைக்கவில்லையா என்று அர்த்தம்.

எங்களுக்கு நல்ல நாளா கெட்ட நாளா என்பதல்ல கவலை. அன்றைக்குத் தண்ணீர் வரும். வேறு நாள் கேட்டால், நிறைஞ்ச அமாவாசையைத் தட்டிக் கழிக்கிற குடும்பம் என்று பெயராகி, சம்பந்தமே முறிந்துவிடும். ஏற்கெனவே இரண்டு இடத்தார் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்தான், திரும்பிப் பார்க்கவில்லை. இதுவும் போனால் இவனுக்குப் பெண்ணே கிடையாது என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அம்மா வழி கண்டுபிடித்தாள். "ரயிலடிக்குப் போயி நீயே கூட்டிக்கோ. ஊரைச் சுத்திக் காமி. அஞ்சு மணிக்கு முன்ன இந்த வாசல்ல அவங்க கால் படப்படாது, கேட்டியா? அதுக்குள்ள வெள்ளம் இறங்கிரும், நான் கழுவி விட்டுர்றேன்."

எனக்கு இதில் எந்தச் சிரமமும் தெரியவில்லை. வெள்ளைக்காரன் விமானம் ஏறி வந்து பார்க்கிற ஊர், பிறந்ததிலிருந்து நான் இருக்கிற ஊர், ஒரு பகல் போக்குவதற்கா பஞ்சம்? கடன் வாங்கிய கூலிங்கிளாஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். (அதைப் பற்றிப் பேசினால் இன்றும் பஞ்சவர்ணம் தரையில் உட்கார்ந்து சிரிப்பாள்.)

எர்ணாகுளம் ரயிலடியில் மூன்று பேர் இறங்கினார்கள். பெண்ணின் அப்பா கருப்பையா மாமா, அதிகம் பேசாதவர். பெண்ணின் தாய்மாமன் வீரணன், அந்தக் குறையையும் சேர்த்துப் பேசுகிறவர். பெண்ணின் அத்தை முத்தம்மா. யார் என்ன பேசினாலும் முடிவு அத்தையின் கையில் என்பது அவர்கள் இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசியதிலேயே தெரிந்தது.

முதலில் போட். ஜெட்டிக்கு நடத்தியே கூட்டிப்போனேன், நேரம் போக வேண்டுமே. அத்தை போட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு காயலையே பார்த்தபடி வந்தாள். "ஆத்தாடி, இம்புட்டுத் தண்ணியா!" என்றாள். "எங்க ஊர்ல ஊருணி காஞ்சு கெடக்கு தம்பி. ஒரு குடத்துக்கு மூணு ஊரு தாண்டி நடக்கம். எந்தம்பி மக பாதி வயசை இடுப்புல குடத்தோடதான் கழிச்சிருக்கா." நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. கப்பல்களைக் காட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்டின் பெயரை வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஃபோர்ட் கொச்சியில் இறங்கி சீனவலைக்குப் போனோம். கொச்சிக்கு வருகிறவனெல்லாம் வாயைப் பிளக்கிற இடம். நானும் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். நாலைந்து ஆள் கயிற்றைப் பிடித்துத் தொங்க, பாறாங்கற்கள் இறங்க, அந்த ராட்சச வலை தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது. உள்ளே இரண்டு பொடி மீனும் ஒரு ரப்பர்ச் செருப்பும்.

வீரணன் மாமா வலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை பேரு, இத்தாம் பெரிய வலை... இதுக்கா? எங்க கம்மாயில தண்ணி கெடந்த வருசம் துண்டை விரிச்சே இதைவிட அள்ளுவோம்." கருப்பையா மாமா செருப்பைப் பார்த்து, "சோடி கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

சாப்பாட்டுக்கு மட்டாஞ்சேரியில் ஒரு ஓட்டலுக்குப் போனோம். நல்ல ஓட்டல்தான். நான் உள்ளே போனது அதுவே முதல் தடவை என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. இலையில் சோறு விழுந்ததும் வீரணன் மாமா ஒரு பருக்கையை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சிவப்பாக, குண்டாக இருந்தது. "மாப்ளே, இது வெந்துருச்சா, இனிமேத்தான் வேகணுமா?" மீன் குழம்பில் தேங்காயெண்ணெய் வாசம் என்று அதையும் ஒதுக்கினார். ஒதுக்கிவிட்டு இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டார்.

அத்தைக்கு வந்த சோதனை தண்ணீரில். எங்களூர் ஓட்டலில் பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய வெந்நீர்தான் வைப்பார்கள். வெளுத்த ரோஜா நிறத்தில் ஆவி பறக்கும். அத்தை தம்ளரைப் பார்த்துவிட்டு என் பக்கம் நகர்த்தினாள். "ஆரோ கை கழுவுன தண்ணியக் கொண்டாந்து வச்சிட்டான் தம்பி." நான் பதிமுகத்தின் மருத்துவ குணங்களைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். உடம்புச் சூடு, சிறுநீரகம், ரத்தம் என்று எல்லாவற்றையும் தொட்டேன். கேட்கக் கேட்க அவளுக்குக் குடிக்கிற எண்ணமே போய்விட்டது. காலையில் ரயிலில் குடித்ததோடு சரி, தொண்டையை நனைக்காமலே எழுந்தாள்.

அடுத்தது ஜூ டவுன், யூதர்கள் வாழும் தெரு. ஆட்டோ வேண்டாம், நடந்து பார்த்தால்தான் ஊர் புரியும் என்றேன். ஒரே கிடங்குத் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தோம். சுக்கும் மிளகும் காற்றில் ஏறி அத்தைக்குத் தும்மல் நிற்கவில்லை. "இந்தப் பச்சைக் கதவை முன்னமே பாத்தமே?" என்றார் வீரணன் மாமா. "கொச்சியில் நிறையப் பச்சைக் கதவு உண்டு மாமா" என்றேன். அந்த வயதில் என் வாயில் வந்த பொய்களுக்கு அளவே கிடையாது.

யூதர்கள் தொழுகிற யூதப் பள்ளிக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். தள்ளினேன். ஏதோ என் மாமியார் வீட்டுக் கதவு மாதிரி நின்று கூப்பிட்டும் பார்த்தேன். எதிரே பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்தார்.

"இந்நு சனியாழ்ச்சயல்லே? துறக்கில்லா" என்றார். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள், திறக்கமாட்டார்களாம். இது ஊரில் ஆட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கும். பிறகு என் கூலிங்கிளாஸைப் பார்த்து, மிகுந்த பரிவோடு கேட்டார்: "தமிழ்நாட்டில் எவிடெயா? மதுரயாணோ?"

"ஞான் கொச்சங்காடியா" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஒரு வெண்கல உருளியை எடுத்து வந்து, வெளியூர்க்காரர்களுக்குக் காட்டுகிற மாதிரியே தட்டித் தட்டிக் காட்டினார். வீரணன் மாமா கருப்பையா மாமாவின் காதில் சொல்வதாக நினைத்துத் தெருவுக்கே கேட்கச் சொன்னார்: "மாப்ளைக்கு ஊரு புதுசு போல."

அவமானத்தைத் துடைக்க நேரே டச்சுக் கொட்டாரம் என்கிற பழைய அரண்மனைக்கு இழுத்துப் போனேன். ராஜா பல்லக்கு, வாள் எல்லாம் ஒழுங்காகவே போயின. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "கீழே நல்ல சித்திரம் இருக்கு" என்று கேள்விப்பட்டதை நம்பி, படியிறங்கி ஒரு அறைக்குள் மூவரையும் முன்னால் விட்டுப் பின்னால் நுழைந்தேன். சுவர் முழுக்க சாமிகள்தான். ஆனால் சாமிகளையும் அவர்களைச் சுற்றியிருந்த பெண்களையும், துணிமணியைப் பற்றி அதிகம் கவலைப்படாத நேரத்தில் வரைந்திருந்தார்கள். கருப்பையா மாமா உத்தரத்தைப் பார்த்தார். வீரணன் மாமா முதல்முறையாகப் பேச்சை நிறுத்தி உற்றுப் பார்த்தார். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "இதக் காட்டத்தேன் கூட்டியாந்தீகளா தம்பி?" என்றாள்.

வெளியே வந்ததும் அத்தை படியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு நாக்கு ஒட்டிப் போச்சு. இனி ஒரு எடமும் பாக்க ஏலாது. வீட்டுக்குப் போவம். ஒரு செம்பு பச்சத்தண்ணி கெடச்சாப் போதும்."

மணி மூன்றுகூட ஆகவில்லை. சோடா வாங்கித் தருகிறேன் என்றேன், இளநீர் என்றேன், கெஞ்சினேன். பச்சைத்தண்ணீரைத் தவிர எதுவும் இறங்காது என்றுவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூலிங்கிளாஸ் அன்றைக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதை மறைத்ததுதான்.

வீட்டு வாசலில் தண்ணீர் முழங்காலுக்கு நின்றது. உள்ளே அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெஞ்சுமேல் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். அப்பா புதுவேட்டியோடு கட்டிலில் கொலு இருந்தார். ஒரு முறமும் என் பழைய செருப்பும் அடுக்களையிலிருந்து மெதுவாகக் கிளம்பி விருந்தாளிகளை எதிர்கொள்ள வந்தன. எங்களைப் பார்த்ததும் அம்மா கரண்டியைப் போட்டாள். அவ்வளவுதான், கல்யாணம் தோட்டோடு போய்விட்டது என்று நினைத்தேன்.

அத்தை சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்கினாள். நடு அறையில் நின்று சுற்றிலும் பார்த்தாள். அம்மா அலமாரியின் உச்சியில் இருந்த குடத்திலிருந்து ஒரு செம்பு எடுத்துக் கொடுத்தாள். (விடியுமுன்னே பைப்படியில் சண்டை போட்டுப் பிடித்த, அன்றைய ஒரே குடம் அது. மட்டாஞ்சேரியில் சுற்றிலும் தண்ணீர் உண்டு, குடிக்கத்தான் கிடையாது.) அத்தை ஒரே மூச்சில் குடித்து, இன்னொரு செம்பு வாங்கி அதையும் குடித்தாள்.

"சக்கரையா இருக்கு" என்றாள். பிறகு காலடியில் நிற்கும் தண்ணீரைப் பார்த்தாள். "இது எப்பவும் இப்பிடி வருமா தம்பி?"

"அமாவாசை, பௌர்ணமி தவறாது அத்தை" என்றேன். பகல் முழுக்கப் பொய் சொல்லிக் களைத்துப்போய், மாற்றிச் சொல்லத் தெம்பில்லாமல் வந்த உண்மை அது.

"தவறாதா!" அத்தை கருப்பையா மாமாவின் பக்கம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது. "பாத்தியாடா? வாய்க்கா வீட்டுக்குள்ளயே வருது. கொஞ்சம் கலங்கல்தேன். தேத்தாங்கொட்டைய ஒரசி விட்டாத் தெளிஞ்சிரும். நம்ம புள்ளை இனிக் கொடம் தூக்க வேணாம்டா. முடிச்சிரு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாயைத் திறந்தாள், திறந்த வாயால் "கேசரி சாப்பிடுங்க" என்றாள். அது உப்புத் தண்ணீர், ஓடைத் தண்ணீர் என்று சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை.

பஞ்சவர்ணம் வந்தாள். சீர்ச் சாமான்களுக்கு நடுவில் அத்தை தன் கையால் கட்டிக் கொடுத்த ஒரு துணி மூட்டை இருந்தது. பிரித்தால் அத்தனையும் தேத்தாங்கொட்டை. மறுநாள் விடியுமுன் அம்மா அவள் கையில் குடத்தைக் கொடுத்து பைப்படிக்கு அனுப்பினாள். திரும்பி வந்தவள் குடத்தை என் முன்னால் நங்கென்று வைத்தாள். "வீட்டுக்குள்ள வர்ற தண்ணி எங்க?" என்று கேட்டாள்.

மூட்டை இன்றைக்கும் அடுக்களையில் இருக்கிறது. என் மகள்கள் இரண்டு பேருக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, மலையாளம்தான். ஆனாலும் நான் யாரிடமாவது கொச்சியைப் பற்றி விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் போதும். பெரியவள் அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: "அம்மா, அச்சன் தொடங்கியாச்சு. ஒரு தேத்தாங்கொட்டை எடுத்துட்டு வா."