அடைகாத்த காடை

பழவேற்காட்டில் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஆள் கவலைப்பட்டான் என்றால் அது எங்கள் காடைதான். காடை பிடித்து விற்பவன் என்பதால் அந்தப் பேர். ஒல்லாந்தர் கப்பல் வராவிட்டால் மூழ்கிவிட்டதோ என்று பதறுவான். வந்துவிட்டால் எதற்கு வந்ததோ என்று பதறுவான். ஏரி அமைதியாகக் கிடந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

நான் கோட்டைத் துரையிடம் துபாஷி; அவர் பேச்சைத் தமிழில் சொல்பவன். துரைக்குப் பறவைப் பைத்தியம்; வகைக்கு ஒன்றாகச் சுட்டு, பஞ்சு அடைத்து அலமாரியில் வைப்பார். காலில் மூன்றே விரல் உள்ள காடை வகைகளில் சின்னக் காடையும் மஞ்சள்கால் காடையும் அலமாரி ஏறிவிட்டன. கருங்காடைதான் பாக்கி. அதுவும் முட்டையோடு வேண்டுமாம். தோணிரேவுப் பக்கம் புல்லுக்குள் ஒரு கூடு இருப்பதாக நம் ஆள் வாய்தவறி உளறிவிட்டான். காடை விற்றுப் பிழைப்பவன்தான். ஆனால் அடையில் இருப்பதைத் தொடமாட்டான். இடத்தைக் காட்ட அவனை முன்னே விரட்டிவிட்டு, துரை என்னையும் கூட்டிக்கொண்டு துப்பாக்கியோடு கிளம்பினார்.

போய்ப் பார்த்தால், அவன் புல்லுக்கு நடுவே வேட்டியைக் கூடாரமாக விரித்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான். வியர்வை ஆறாக ஓடுகிறது. கூடு எங்கே என்று கேட்டாலும் தலையாட்டல், எழுந்திரு என்றாலும் தலையாட்டல். நான் குனிந்து, என்னடா கூத்து இது என்று மெதுவாகக் கேட்டேன்.

"எய்ந்துக்க முடியாதுண்ணா. கீய அது குந்தினுகீது. பொட்டை முட்டைய போட்டுட்டு வேற ஆம்பளைய தேடினு பூடுச்சி. இது அப்பன். இத்தினி பேரு வந்தும் நவுரல பாரு. அதுக்கு உள்ள எப்டி அட்ச்சிக்கும்?"

அவனுக்கு என்ன வந்தது என்று துரை உறுமினார். பொய் சொல்லி மாட்டினால் வேலையும் போகும், முதுகுத் தோலும் போகும்.

"வாந்திபேதி" என்றேன்.

பீரங்கிக்கு அஞ்சாத துரை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். வழியில் சேற்றில் விழுந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் நானும் கோட்டைவரை ஓடினேன்.

பொழுது சாயத் திரும்பிப் போனேன். காடை கூட்டுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, நரி வருமோ, மழை வருமோ என்று அழாத குறையாக இருந்தான். என்னைப் பார்த்ததும் இரண்டையும் மறந்துவிட்டான்.

"தொரைக்கு தெரிஞ்சிட்டா உன் வேலை பூடுமேண்ணா?"

போனால் போகட்டும் என்றேன். நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. எனக்காக அப்படிப் பதற அந்த ஊரில் வேறு யார் இருந்தார்கள்?