தெருவுக்கு ஒரு மாதுளை

அன்பு மகனே, அவன் உரக்கப் படிக்க இம்மடலைச் செவிமடுக்கும் அவன் அறைத் தோழர்களே, வணக்கம். நலம் பிறகு கேட்கிறேன். முதலில் நீதி கேட்கிறேன். இவ்வீட்டில் ஒரு மாதுளம்பழம் பதினெட்டு நாள்களாகச் சிறையில் கிடக்கிறது.

மாதந்தோறும் நீ பணம் அனுப்புகிறாய். "வயிறாரச் சாப்பிடுங்க, தினமும் மதியம் தட்டைப் படம் எடுத்து அனுப்புங்க" என்று ஆணையும் அனுப்பினாய். உன் தாய் ஆணையை மீறவில்லை. சோறு, கீரை, பக்கத்தில் மாதுளை எனத் தட்டை அணிசெய்து படமெடுப்பாள். மறுகணமே மாதுளை அலமாரிக்குள் போய்விடும்.

"படம்தான் எடுத்தாச்சே, குடு."

"தின்னுட்டா நாளைக்கு எதை எடுக்கிறதாம்?"

"வேற வாங்கு."

"அனுப்புறதை எல்லாம் தின்னே தீர்த்தா, அவன் எப்பங்க ஊர் வந்து சேர்றது? டிக்கெட்டுக்கு உங்க மேடைப் பேச்சா சேர்த்து வைக்கும்?"

ஐம்பதாண்டு மேடை கண்டவன் வெறுஞ்சோற்றைப் பிசைந்தேன். தோல் வாடினால் எண்ணெய் தடவி மினுக்குகிறாள். மகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய எதிர்வீட்டுத் தையற்காரர், "அண்ணே, பழம் சும்மா இருக்கா? அரை மணியில தந்துடுறேன்" என்று வாங்கிப்போகிறார், அங்கிருந்து அது மாடிவீட்டு ஓட்டுநர் மனைவியிடம் சென்று, மாலையில்தான் வீடு திரும்புகிறது. கடல்கடந்த பிள்ளைகள் மூவர் கண்டு மகிழ்வது ஒரே பழத்தை.

இந்தப் பித்தலாட்டத்தைக் கண்டித்து முழங்க எழுந்தபோதுதான், பதிலுக்கு நீ அனுப்பிய உன் தட்டின் படங்களை வரிசையாகப் பார்த்தேன். உன் தட்டில் பத்து நாளாக ஒரே கோழிக்கால். வலப்புறம் அதே ஒரு கடி. கடித்தது நீயா, அல்லது தோழர்களே, உங்களுள் ஒருவரா? நீ வாயைக் கட்டி அனுப்புவதை இவள் வயிற்றைக் கட்டிச் சேர்க்கிறாள். இரு நாட்டிலும் நலமாக இருப்பவை பழமும் கோழியும் மட்டுமே.

சட்டைப் பொத்தான் தெறிக்க நீ வந்து இறங்கும் நாள் விரைவில் வருக.

அப்பா.

பின்குறிப்பு: இம்மடலைப் படமெடுத்து அனுப்பும் நேரத்தில் உன் தாய் பழத்தைக் கையில் எடுத்து, "என்னங்க, பஞ்சு மாதிரி இருக்கு" என்றாள். உண்மையை எழுதுகிறேன். நேற்று எதிர்வீட்டுக்குப் போன பழத்தை நானும் தையற்காரரும் பங்கிட்டுத் தின்றோம். உள்ளே துணித்துண்டு அடைத்து, தோலைத் தைத்தது அவர் கைவண்ணம். திட்டு விழுமுன் உன் கோழிக்கால் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் மூன்று பழம் வாங்கிவந்தாள். உரித்துத் தட்டில் வைத்திருக்கிறாள், தொடவில்லை. "அவன் தின்னாத்தான் நான் தின்பேன்னு எழுதுங்க" என்கிறாள். எனக்கும் தரமாட்டாளாம். ஆகவே மகனே, புதுக்கோழி வாங்கு, இன்றே தின், வெறும் எலும்பைப் படமெடுத்து இப்போதே அனுப்பு.